வெள்ளை வெளேரென்று ஒரு மருந்து

உலகத்தோர் அனைவரும் கைவேலையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டிய மாபெரும் அறிவிப்பு ஒன்றை இதனால் வெளியிடுகிறேன்: நான் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. பதினோரு வருடமாக. ஆகவே ஐயா, இந்தக் கோப்பையை மாற்றிக் கொண்டுவரச் சொன்னால் நலம். அப்படியே அந்த மின்விசிறியையும் நிறுத்திவிடலாம். சுற்றுக்கு ஒரு தடவை டிக்கென்கிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். நான் வந்ததிலிருந்து அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நின்றுகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடுகிறது, மேசையும் சேர்ந்து ஆடுகிறது, வாக்குமூலம் எழுதுகிறவருக்குக் கை கோணுகிறது. நன்றி.

பாம்புக்கடி மருந்துத் தொழிற்சாலையில் உலர்த்தும் பிரிவுக்கு நான் தலைவன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். குதிரையின் ரத்தத்திலிருந்து விஷத்தை முறிக்கும் புரதத்தைப் பிரித்து, கரைசலாக என் பிரிவுக்கு அனுப்புவார்கள். நான் அதை உறையவைத்து, தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டு, காய்ந்த கட்டியாகக் குப்பியில் அடைத்து அனுப்புவேன். அந்தக் கட்டியை நாங்கள் கேக் என்போம். பிறந்தநாளுக்கு வெட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் அதில் தண்ணீர் விட்டுக் கரைத்து நரம்பில் ஏற்றுவார்கள்.

இந்த வேலையின் முழு ரகசியமும் சர்க்கரைதான். புரதம் என்பது மடித்து மடித்து வைத்த நூல். மடிப்பு குலையாதவரை அது விஷத்தைப் பிடிக்கும். குலைந்தால் வெறும் சிக்கு. தண்ணீரில் இருக்கும்போது நாலா பக்கமும் தண்ணீர் அதன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரை நாம் பிடுங்கிவிட்டால் அது அநாதை. அப்போது சர்க்கரை வந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளும். அதோடு இறுகிக் கண்ணாடி போலாகி, நெரிசலான பஸ்ஸில் மாட்டிக்கொண்டவனைப் போலப் புரதத்தை அசையவிடாமல் நிறுத்தியும் வைக்கும். அசைய முடியாதவன் கெட்டுப்போகவும் முடியாது. வெயில் கொளுத்தும் மருந்தறை அலமாரியில், ஃபிரிஜ் இல்லாமல், வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். எங்கள் சர்க்கரைக்கு ட்ரெஹலோஸ் என்று பெயர். காய்ந்து சருகாகிக் கிடக்கும் சில பாலைவனச் செடிகள் ஒரு மழையில் எழுந்துகொள்கின்றனவே, அவற்றுக்குள்ளும் அந்தச் சர்க்கரை இருக்கிறது. கூட்டங்களில் பேசும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். கைதட்டுவார்கள். நீங்கள் தட்ட வேண்டாம்.

ட்ரெஹலோஸ் போட்ட எங்கள் கேக்குக்கு ஒரே குறை, அழகு கிடையாது. ஓரத்தில் சுருங்கும். நடுவில் வெடிக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலைத் தூக்கம் கலையாதவன் முகம் மாதிரி இருக்கும்.

மூன்று வருடம் முன்பு கொள்முதல் குழு வந்தது. ஐந்து பேர், ஐந்து டை. அவர்களை அழைத்துக்கொண்டு எங்கள் பெரியவர் முன்னால் நடந்தார். முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம், வயதால் அல்ல, நாற்காலியால். குழுவில் ஒருவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, எலி கொறிச்ச மாதிரி இருக்கு?"

"பக்கமெல்லாம் சுருங்கியிருக்கே. பழைய சரக்கா?" என்றார் இன்னொருவர்.

"சேச்சே, இந்த வாரம் போட்டதுங்க" என்று பெரியவர் சிரித்தார். சிரிப்பை அணைக்காமலே என் பக்கம் திரும்பினார். "நீ எத்தனை வருஷமா இங்க இருக்கே?"

"பத்தொன்பது வருஷம்ங்க."

"பத்தொன்பது வருஷமா இப்படித்தான் செஞ்சிட்டிருக்கியா?"

ஐந்து டைகளும் என்னைப் பார்த்தன. அதற்கு முன் அவை என்னைப் பார்க்கவே இல்லை.

மூன்றே வாரத்தில் சரிசெய்தேன். ட்ரெஹலோஸை எடுத்துவிட்டு மானிட்டால் போட்டேன். அதுவும் சர்க்கரைக்குப் பங்காளி முறைதான், ஆனால் குணம் வேறு. காய்ந்ததும் தன் இனத்தோடு மட்டும் வரிசைகட்டிப் படிகமாக நின்றுகொள்ளும். பக்கத்தில் புரதம் கைக்கு ஆளில்லாமல் தவித்தால் எட்டிக்கூடப் பார்க்காது. கல்யாணத்துக்கு வந்து போட்டோவுக்கு மட்டும் நின்றுவிட்டுப் போகும் சொந்தக்காரர்கள் உண்டல்லவா? ஆனால் கேக் இருக்கிறதே, வெள்ளை வெளேரென்று, விளிம்பு மடங்காமல், சின்னச் சலவைக்கல் போல நிற்கும்.

இது எனக்கு முன்பே தெரியுமா என்கிறீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இதைப் பற்றி வகுப்பெடுத்தவன் நான்தான்.

காய்ந்த வாரமே சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சூட்டில் போட்டு வைத்தால்தான் குட்டு உடையும். அதைப் பார்க்க ஆறு மாதச் சோதனை ஒன்று இருந்தது. எனக்கும் ஆறு மாதம் இருந்தது. நடுவில் நடந்த விழாவில் பெரியவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, குப்பியை உயர்த்திக் காட்டச் சொன்னார். என் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும்.

அந்தத் தங்கையைத்தான் வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள். வீட்டில் சின்னவள் என்போம். சோதனை அறையில் வேலை. சேர்த்துவிட்டது நான். இவ்வளவு நன்றாக வேலை பார்ப்பாள் என்று அப்போது தெரியாது. மூன்றாம் மாதமே என் அறைக்கு வந்து நின்றாள்.

"மாமா, சூட்டுப் பெட்டியில இருந்த புதுக் குப்பியைக் கரைச்சேன். கலங்குது."

"வேகமா குலுக்கியிருப்பே."

"குலுக்கவே இல்ல மாமா, மெதுவா சுத்தித்தான் விட்டேன். நூல் நூலா மிதக்குது. வந்து பாருங்களேன்."

"பெட்டியில சூடு ஏறியிருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடு."

"பெட்டி நாப்பது டிகிரியிலதான் நிக்குது. அதே தட்டுல பழைய கலவையும் இருக்கு. அது பச்சைத் தண்ணி மாதிரி கரையுதே?"

நான் போய்ப் பார்த்தேன். நூல் நூலாகத்தான் மிதந்தது. இன்னும் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், அவசரப்பட்டு யார் மனதையும் கலைக்க வேண்டாம் என்றேன். "சரி மாமா" என்றாள். நல்ல பிள்ளை.

ஆறாம் மாதச் சோதனைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொழிற்சாலைக்குப் போனேன். விடுமுறை. சூட்டுப் பெட்டியிலிருந்த பன்னிரண்டு குப்பிகளை எடுத்துவிட்டு, அதே கலவையில் உறைகுளிரில் பத்திரமாக வைத்திருந்த வேறு பன்னிரண்டை வைத்தேன். லேபிள் மாற்றியதையும் சேர்த்து நாற்பது நிமிட வேலை. வெளியே வந்தபோது காவலாளி, "ஞாயித்துக்கிழமைகூட உழைக்கிறீங்களே சார்" என்றார். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

சோதனையில் பன்னிரண்டும் பளிங்காகக் கரைந்தன. சின்னவள் கண்கலங்கி வந்தாள். "மன்னிச்சிடுங்க மாமா. போன தடவை என் கைதான் சரியில்ல போல." மன்னித்தேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். உங்கள் கோப்பில் இருப்பது அந்தக் கையெழுத்துதான். அது நேர்மையான கையெழுத்து. அவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள்.

மின்விசிறி நின்ற பிறகும் எனக்கு டிக் கேட்கிறது. பரவாயில்லை, எழுதட்டும்.

அடுத்த கோடையில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள். மருந்து கலங்குகிறது, ஏற்றியும் கேட்கவில்லை என்று. பதில் எழுதும் பொறுப்பு எனக்கு. ‘நோயாளி தாமதமாகக் கொண்டுவரப்பட்டிருக்கும் வாய்ப்பைத் தாங்கள் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறோம்.’ இந்த வரி எல்லோருக்கும் பொருந்தியது. பாம்பு கடித்தவன் எந்த ஊரிலும் சீக்கிரம் வந்து சேர்ந்ததில்லை. நடை நன்றாக இருக்கிறது என்று பெரியவர் பாராட்டினார். மொத்தம் நாற்பத்தொரு பதில்கள். ஒருவரும் மறுத்து எழுதவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி சின்னவளின் வீட்டுக்காரர். என் சகலை. சர்வேயர். காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்து அளக்கிற வேலை, வாய் மட்டும் அளவில்லாமல் ஓடும். விழா முடிந்து சாப்பிடும்போது என்னிடம், "அண்ணே, உங்க மருந்தைப் பாத்தேன். பல்பொடி விளம்பரத்துக்கே குடுக்கலாம் போல இருக்கே" என்றார். "பாம்புகிட்ட ஒரு தடவை காட்டுங்க. வெக்கப்பட்டுக் கடிக்காமப் போயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதரில் எல்லைக்கல் தேடிய இடத்தில் அவரை விரியன் கடித்தது. கூட இருந்தவர்கள் அரை மணியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தாமதமே இல்லை. சின்னவள் போன் செய்தாள்.

"மாமா, இங்க நம்ம மருந்துதான் வெச்சிருக்காங்க. அப்ப பயமில்லைல்ல?"

"பயமே இல்லம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு மாதிரி அறையைத் திறந்தேன். ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் சில குப்பிகளை எடுத்துக் குளிரில் பூட்டி வைப்பது எங்கள் விதி. சாவி என்னிடம். ட்ரெஹலோஸ் போட்டுக் கடைசியாகச் செய்ததில் இருபது குப்பிகளை எடுத்து, துணியில் சுற்றி, மதியச் சாப்பாடு கொண்டுபோகும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. மருத்துவர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறைந்து நின்றால் நல்லது. அது ஓடியது. எங்கள் மருந்தில் பத்துக் குப்பி எடுத்தார்கள். நர்ஸ் ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "டாக்டர், இது தெளியவே மாட்டேங்குது" என்றாள். "வேற சரக்கு இல்லையா?" என்றார் மருத்துவர். "எல்லாம் இதேதான் டாக்டர்." ஏற்றினார்கள்.

நான் நடைபாதையில் நடந்தேன். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் முப்பத்தாறு தரை ஓடு. பையை இறுக்கிப் பிடிக்காவிட்டால் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும். சகலைக்கு ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, நீங்களே நேர்ல வந்துட்டீங்க. இனிமே மருந்துக்கு ரோஷம் வந்துடும்" என்றார்.

மூன்று தடவை மருத்துவரின் அறை வாசலுக்குப் போனேன். முதல் தடவை அவர் போனில் இருந்தார். இரண்டாம் தடவை நிமிர்ந்து, "என்ன சார்?" என்றார். கழிவறை எங்கே என்று கேட்டேன். மூன்றாம் தடவை பையின் ஜிப்பில் கை வைத்தபோது பின்னாலிருந்து சின்னவள் கூப்பிட்டாள்.

"மாமா, அந்த ஆறு மாசச் சோதனையில நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? உண்மையைச் சொல்லுங்க."

"கண்டதை நினைக்காதே" என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

சாயந்திரம் மறுபடி குழாயைச் சாய்த்தார்கள். ஓடியது. எங்கள் மருந்தையே இன்னும் பத்து ஏற்றினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் போய்விட்டார். தன் சோதனைதான் தன் கணவரைக் கொன்றது என்று சின்னவள் நம்புகிறாள். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

இனி நான் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதச் சொல்லுங்கள். ஒரு மருந்து என்பது குப்பியில் இருப்பது மட்டுமல்ல ஐயா. மக்கள் அதன்மேல் வைக்கும் நம்பிக்கையும்தான். செய்தவனே வேறொரு குப்பியை நீட்டியிருந்தால் அன்று ஓர் உயிர் பிழைத்திருக்கும், ஆனால் நாளைக்கு எந்த ஆஸ்பத்திரியில் எந்த நோயாளி கையை நீட்டுவான்? சொந்தபந்தம் ஒரு பக்கம், ஊரின் நம்பிக்கை ஒரு பக்கம். நான் அந்த நடைபாதையில் பெரிதைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அதற்குத் தியாகம் என்றே பெயர்.

பையில் இருபது குப்பிகள் இருந்தன. அவருக்குப் பத்து போதும்.