சித்வாலா பெரியவரின் தொப்பியை நான் எடுத்த விவரம்

நமுகுலா காவல் சாவடி, மேற்கு மாகாணம், சாம்பியா. 2018 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

என் பெயர் கிளியோபாஸ் ஹமுசொண்டே. வயது 46. டோங்கா இனம். லிவிங்ஸ்டன் நகரில் மரம்பா பகுதியில் குடியிருக்கிறேன். தொழில், பயணிகள் லாரி ஓட்டுவது. பயணிகளை ஏற்றும் உரிமம் பத்தொன்பது வருடமாக வைத்திருக்கிறேன், இதுவரை என் மேல் ஒரு வழக்கும் இல்லை. அந்த உரிமம் இப்போது இந்த மேசையில் உங்கள் தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. துக்க வீட்டில் இறந்தவரின் தொப்பியைத் திருடினேன் என்றும், குடித்துவிட்டுப் பிள்ளைகள் இருந்த வண்டியை ஓட்டினேன் என்றும் புகார் வந்திருக்கிறது. இது நிலைத்தால் உரிமம் போய்விடும். எனக்கு வேறு வேலை தெரியாது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

இந்த மாதம் மூன்றாம் தேதி கனடாவிலிருந்து பன்னிரண்டு இளைஞர்கள் லிவிங்ஸ்டன் வந்து சேர்ந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவி பிரெண்டா காலவே அம்மையார். பள்ளிக்கூடங்களில் தொண்டு வேலை செய்துகொண்டே நமீபியா, போட்ஸ்வானா வரை ஆறு வாரம் சுற்றிப் பார்ப்பது ஏற்பாடு. நான் ஓட்டுநர். வழிகாட்டியும் சமையல்காரனும் முண்டியா சித்வாலா, லோசி இனம். நாங்கள் இருவரும் ஒரே லாரியில் பதினோரு வருடம். அவனை 'அவர்' என்று எழுதலாமா என்று சார்ஜென்ட் கேட்டார். அப்போது எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள் என்று சொன்னேன்.

டோங்காவுக்கும் லோசிக்கும் கேலி முறை உண்டு. ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் ஏசலாம், யாரும் கோபப்படக் கூடாது. சாவு வீட்டில் சிரிக்க வைப்பதும் குழி வெட்டுவதும் முறைக்காரன் கடமை. இறந்தவர் பொருளில் ஒன்றை அவன் எடுத்துக்கொள்வான், வீட்டார் ஒரு கோழி கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். இதை எழுதுகிற சார்ஜென்ட் பெம்பா இனம், ஙோனிக்காரர்களோடு அவருக்கும் இதே முறை உண்டு. அதனால் அவருக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் காகிதத்தில் இருக்கட்டும் என்றார்.

லாரியில் பிள்ளைகள் எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் பொழுதைப் போக்கினார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே ஏசிக்கொள்வோம். நாங்கள் மாடு வளர்க்கிறவர்கள், லோசிக்காரர்கள் ஆற்று வெள்ளச் சமவெளியில் மீன் பிடிக்கிறவர்கள். "டேய் மாட்டு வாலு, பள்ளத்தப் பாத்து ஓட்டுடா. இது உங்க அப்பன் மாட்டு வண்டி இல்ல" என்பான் முண்டியா. "பேசாம உக்காருடா மீன் முள்ளு. வெள்ளம் வந்தா வருஷா வருஷம் வீட்டத் தூக்கிட்டு ஓடுற ஊர்க்காரன் எனக்கு வழி சொல்றியா?" என்பேன் நான். நீங்கள் உண்மையிலேயே சண்டை போட்டதுண்டா என்று டெஸ் என்ற பெண் ஒரு நாள் கேட்டாள். "நெசமா சண்டை வந்தா நாங்க மரியாதையா பேசிக்குவோம் பாப்பா, அன்னிக்குத் தெரிஞ்சுக்க" என்றான் முண்டியா. அதன் பிறகு என்னைப் பார்த்து, "எங்க ராஜாவோட அடிமைப் பய நீ, ஒரு நாள் என் முன்னால மண்டி போட்டுக் கை தட்டத்தான் போற" என்றான். மண்டியிட்டுக் கை தட்டுவது லோசிக்காரர்கள் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை. இதை அவன் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "அதுக்கு நீ சாகணும்டா" என்று நானும் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி நமுகுலா பள்ளிக்கு வந்தோம். பிள்ளைகள் மாணவர் விடுதிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கட்டில்களைச் செப்பனிட்டார்கள். பத்தாம் தேதி பிரெண்டா அம்மையார், அடுத்த வருடம் இங்கிருந்து ஒருவரை மூன்று மாதம் கனடாவுக்கு அழைக்கப் போவதாகவும் முண்டியாவை மனதில் வைத்திருப்பதாகவும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "பனியில வழுக்கி விழுவ, கூட நின்னு சிரிக்க நான் இருக்க மாட்டேனேடா" என்று சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி காலை முண்டியாவின் தகப்பனார் சித்வாலா பெரியவர் காலமானார். அவர் வீடு பள்ளியிலிருந்து கொஞ்ச தூரம்தான். பிள்ளைகளும் அடக்கத்துக்கு வரட்டும் என்று முண்டியாவே கூப்பிட்டான்.

இந்த இடத்தில் இன்னொரு சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் என் மனைவி முட்டிண்டா இறந்தபோது நான் மூன்று நாள் எதுவும் சாப்பிடவில்லை. முண்டியா பஸ் பிடித்து எங்கள் சொந்த ஊர் சோமாவுக்கு வந்தான். முட்டிண்டாவின் இடுப்புத் துணியை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்தின் நடுவில் அவள் குரலிலேயே என்னைத் திட்டினான். "படுத்துக் கெடந்தா நான் எந்திரிச்சு வந்து சோறு கிண்டுவேன்னு நெனப்பா? எனக்கு வேற வேலை இல்ல?" அவள் அப்படித்தான் பேசுவாள். நான் சிரித்துவிட்டேன், அதன் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது, அதன் பிறகு சாப்பிட்டேன். அந்தத் துணியை ஒரு சேவல் கொடுத்து மீட்டேன். இன்றும் என் பெட்டியில் இருக்கிறது.

பதினான்காம் தேதி அடக்கம். குழியை நானும் வேறு நான்கு டோங்காக்காரர்களும் வெட்டினோம். இந்த ஊர் மணல் வெட்ட வெட்டச் சரிந்துகொண்டே இருந்தது. வெட்டி முடித்ததும் நான் உள்ளே படுத்துக்கொண்டு, "எனக்கு அளவா இருக்கு, பெரியவருக்கு வேற எடம் பாருங்க" என்றேன். சனங்கள் சிரித்தார்கள். ஒரு கோழி தருவதாகச் சொன்ன பிறகு எழுந்தேன். அதன் பிறகு பெரியவரின் பழுப்புத் தொப்பியை, கினிக்கோழி இறகு செருகியது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் மூக்குப்பொடியை அந்தத் தொப்பிக்குள்தான் வைத்திருப்பார். அவரைப் போலவே தொப்பியைக் கழற்றி, ஒரு சிட்டிகை உறிஞ்சி, மூன்று தடவை தும்மி, "எல்லாம் இவளாலதான்" என்று அவர் மனைவி இனோங்கே அம்மாவைக் கை காட்டினேன். மூன்று நாளாக வாய் திறக்காமல் பாயில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கி, "மூணு இல்ல, நாலு. நாலு தடவ தும்முவாரு" என்று சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு அழுதார். பெண்கள் அவரைச் சாப்பிட வைத்தார்கள். முண்டியா என் முதுகில் தட்டி, "தொப்பியப் பத்திரமா வச்சுக்கடா திருட்டுப் பயலே, கோழியோட வர்றேன்" என்றான். இதை அவன் டோங்கா மொழியில் சொன்னான்.

பிரெண்டா அம்மையாரின் முகம் வெளுத்துப் போயிருந்ததை நான் பார்த்தேன். டெஸ் சிரித்ததற்கு அவர் அவளை அடக்கினார். முண்டியா விளக்கிச் சொல்லிவிடுவான் என்று இருந்துவிட்டேன். வெள்ளைக்காரர்களுக்கு விளக்குவது அவன் வேலை. அதன் பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓட்டி வந்தேன். துக்க வீட்டு பியரில் என் பங்கை வழக்கம்போல முண்டியாதான் குடித்தான். நான் குடிப்பதில்லை என்பது பதினோரு வருடமாக அவனுக்கு லாபம்.

மறுநாள் காலை நான் லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். முண்டியா பக்கத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தான். பிரெண்டா அம்மையார் வந்து, "உங்க அப்பாவோட தொப்பி வண்டிக்குள்ள கண்ணாடிக்கிட்ட இருக்கு. டிரைவர் அதை எடுத்தது, அந்தக் குழியில படுத்தது, அதெல்லாம் உங்க ஊர் வழக்கமா?" என்று கேட்டார். பானையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு முண்டியா, "இல்லம்மா. நாங்க அப்படிப்பட்ட சனங்க இல்ல. அவன் ஏன் அப்படிப் பண்ணான்னு எனக்கே தெரியல. குடிச்சிருப்பான். அப்பா தொப்பியைக் கேட்க எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

நான் லாரிக்கு அடியில் கிடந்தபடியே சிரித்தேன். முந்தின நாள் நான் செய்ததற்குப் பதில் செய்கிறான் என்றுதான் நினைத்தேன். "நல்லா சொன்னடா மீன் முள்ளு" என்று கத்தவும் செய்தேன். அவன் இப்போது சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்று முழுவதும் நான் காத்திருந்தேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று பதினாறாம் தேதி மதியம் இரண்டு காவலர்கள் வந்து என்னை அழைத்துவந்தார்கள். புகாரைச் சார்ஜென்ட் வாசித்தார். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று பிரெண்டா அம்மையாருடையது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் பார்த்ததைச் சொன்னார், கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார். இன்னொன்று முண்டியாவுடையது. இது முறை விளையாட்டு என்று சார்ஜென்டுக்கும் தெரியும், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "என்னய்யா செய்யச் சொல்ற? வெளையாட்டுக்கு ரெண்டு பேரு வேணும். அதுல ஒருத்தனே இல்லைன்னு கையெழுத்துப் போட்டா நான் என்னன்னு எழுதறது?" என்று கேட்டார்.

கனடா போகிற ஆசையில் சொன்னானா, வெள்ளைக்காரி முன்னால் தன் சனத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டானா, அது அவன் சொல்ல வேண்டியது. ஆசைக்காக என்றால் நான் மறந்துவிடுவேன். கூச்சம் என்றால் என்னால் முடியாது. முட்டிண்டாவின் துணியைக் கட்டிக்கொண்டு நின்றானே, அதற்கும் அவன் கூச்சப்பட்டிருக்கிறான் என்று ஆகிவிடுகிறது.

சாட்சி இருக்கிறதா என்று சார்ஜென்ட் கேட்டார். இனோங்கே அம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னால் என் உரிமம் என் கைக்கு வந்துவிடும், எனக்குத் தெரியும். அவரைக் கூப்பிட வேண்டாம். புருஷனைப் புதைத்து மூன்று நாள்தான் ஆகிறது. நாலு தும்மல் என்று திருத்திய வாயால், மகன் பொய் சொல்கிறான் என்று அவரைச் சொல்ல வைக்க மாட்டேன். இது முண்டியாவுக்காக இல்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு, நான் உட்கார்ந்திருந்த இந்தச் சாவடித் திண்ணைக்கு அவன் தன் பெட்டியோடு வந்தான். வெளியே லாரி புதிய ஓட்டுநரோடு நமீபியா எல்லைக்குக் கிளம்ப நின்றது. பிரெண்டா அம்மையாரும் பிள்ளைகளும் லாரிக்குள் இருந்தார்கள். டெஸ் ஜன்னலிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முண்டியா தணிந்த குரலில், "என்னடா மாட்டு வாலு, ராத்திரி தூங்குனியா?" என்று கேட்டான். நான் எழுந்தேன். அவன் முன்னால் மண்டியிட்டேன். இரண்டு கையையும் குவித்து, லோசிக்காரர்கள் தட்டுகிறபடி மெதுவாகத் தட்டி, "வணக்கம் ஐயா. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டேன். அவர் "வேணாம்டா, எந்திரி, வேணாம்டா" என்று சொல்லி என் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். "உங்க பயணம் நல்லபடியா அமையட்டும் ஐயா" என்று சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரிக்குப் போனார்.

தொப்பியை நான் எடுத்தேனா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும்படி கேட்டதற்கு, ஆம். அதை இத்துடன் மேசையில் வைக்கிறேன். இறகு அப்படியே இருக்கிறது, உள்ளே கொஞ்சம் பொடியும் இருக்கிறது. திரு. சித்வாலா அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம். கோழி வேண்டாம்.

இதைச் சார்ஜென்ட் எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே எழுதியிருக்கிறார். இதில் கேலி ஒன்றும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கி. ஹமுசொண்டே

என் முன்னிலையில்: சார்ஜென்ட் புவால்யா