அவளுக்கு எதுக்குப் பயம்?

பிள்ளைகளே, டயகம பஸ்ஸில் நான் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இரண்டு மாணவிகள். ஒருத்தி மடியில், கதை எழுதுமுன் கதாபாத்திரத்தைப் பற்றி நிரப்பும் தாள்.

“இவளுக்கு எதுக்குப் பயம்னு இன்னும் முடிவு பண்ணலடி.”

“ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயம்னு போடு.”

“அது நீ.”

“பேரு, வயசு, புடிச்ச சாப்பாடு எல்லாம் இருக்கு. கூட்டாளி பேரு எங்க? எம் பேரப் போடேன்.”

“நீதான் திங்கக்கிழம கொழும்புக்குக் கடை வேலைக்குப் போறியே.”

“கதையிலயும் என்னை அனுப்பிருவியா?”

லிந்துலையில் கூட்டாளி இறங்கிப் போனாள். பயம் என்ற இடத்தில் தாள் வைத்திருந்தவள், ‘பக்கத்து சீட்டு காலியா இருந்தா’ என்று எழுதினாள். பிறகு புத்தகப் பையைத் தூக்கி அந்த சீட்டில் வைத்தாள்.

நான் டயகம வரை நின்றுகொண்டே வந்தேன்.