ஐந்தாவது பங்கு

எட்டாவதோடு தில்லிக்கு வந்து, தனி ஆளாக மூன்று கடை திறந்தவன் நான். லேசில் அசருகிறவன் இல்லை. ஜனக்புரியில் மெட்ரோ ஏறிய இன்ஜினியர் பெண்ணும் அவளோடு வேலை செய்கிறவனும் என் பக்கத்தில் நின்று பேசியது மட்டும் என்னை உலுக்கிவிட்டது.

“நாம சோதனைக்கு வச்சது தானா சிக்னல் அனுப்புற நாலு ரேடியோதானேக்கா? முறை வச்சுப் பேச, அலைவரிசையை அஞ்சு பங்கா பிரிச்சுக்குதுங்க.”

“பக்கத்துல எவனாவது வேற ரேடியோவுல பேசியிருப்பான்டா. யார் வந்தாலும் பங்கு குடுக்கணும்னுதானே அதுங்களுக்குச் சொல்லி வச்சிருக்கோம்?”

“சிக்னல் எங்கேருந்து வருதுன்னு காட்டுற மெஷினைத் தூக்கிட்டு தெருத்தெருவா சுத்திட்டேன். யாருமே இல்ல. ஆனா அஞ்சாவது ஒண்ணு, நம்மளதைவிட கம்மி பவர்ல, தன் முறை வந்தா மட்டும் பேசுது.”

“அச்சா, ரொம்ப மரியாதைக்காரன்! பதினோரு மணிக்கு ரிப்போர்ட்ல நாலுதான்னு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா ப்ராஜெக்டும் போச்சு, என் வேலையும் போச்சு.”

“நேத்து நம்ம நாலையும் அணைச்சுப் பார்த்தேன்.”

“மொத்த இடத்தையும் அது பிடிச்சுக்கிச்சா?”

“இல்லக்கா. நம்ம நாலோட முறையும் காலியா போற வரைக்கும் காத்திருந்து, தன் முறையில மட்டும் பேசிச்சு.”

அவள் தோள்பையைத் திறந்தாள். ரிப்போர்ட்டை எடுத்து, நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.