பென்சில் கோடு

மீன் தொட்டிக் குழாய்களில் எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கும் சார். ஆனால் பி.வி.சி. வேறு, ஏ.பி.எஸ். வேறு. பி.வி.சி. பசை போட்டால் ஏ.பி.எஸ். ஒட்டிய மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. இரண்டையும் சேர்க்க நடுவே மரை வைத்த அடாப்டர் போட வேண்டும். நீங்கள் தெலுங்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகத்தான் சொல்கிறேன்.

திருப்பதியில் பத்தொன்பது வருடமாக வீட்டுத் தொட்டிகளுக்குக் குழாய் போடுகிறேன். நாகபூஷணம் கைவைத்தால் ஒரு சொட்டு ஒழுகாது என்பார்கள். ஒவ்வொரு இணைப்பின் மேலும் பென்சிலால் ஒரு கோடு இழுப்பேன். ஒட்டும்போது குழாய் திரும்பிவிட்டால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். என்னைத் தவிர யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒட்டியபின் முப்பது எண்ணும்வரை கையை எடுக்க மாட்டேன். எடுத்தால் குழாய் பின்னால் தள்ளிக்கொண்டு வரும்.

என்னோடு வேலை செய்தவன் கிஷோர், என் மனைவி ருக்மணியின் தம்பி. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன். போன வாரம் ஜகந்நாதன் சாமி வீட்டில் நாங்கள் போட்ட ஏ.பி.எஸ். இணைப்பு ஒன்று, பி.வி.சி. பசை பிடிக்காமல் கழன்று, தொட்டித் தண்ணீர் மொத்தமும் கூடத்தில் ஓடியது. அவர் மகள் ஸ்ரீப்ரியா வளர்த்த மீன்கள் ஒன்று பாக்கியில்லாமல் செத்தன.

“உமக்குக் கண் மங்கிடுத்து, நாகபூஷணம். இனிமே வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்றார் சாமி. வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

வடமாலபேட்டையில் எங்கள் பட்டறைக்கு வந்ததும், அதை ஒட்டியது நீதானே என்று கிஷோரிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டிருந்தால் விட்டிருப்பேன்.

“நீ ஒட்னதுதான் மாமா அது. நான் மோட்டர் மாட்டிக்கினு இருந்தேன். உன்ன கண்ணு டாக்டராண்ட இட்டுக்கினு போவச் சொல்லி அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

பொய் சொல்கிற வாயை முதலில் நிறுத்த வேண்டும். பைப் ரெஞ்சால் தாடையில் ஒரு அடி. பற்கள் உதிர்ந்தன. கையைத் தூக்கினான், மணிக்கட்டில் ஒரு அடி. இணைப்புகளை அமுக்கிக் கசிவு பார்க்கும் நீல டிரம் பக்கத்திலேயே நிறையத் தண்ணீரோடு இருந்தது. தலையை அதில் இறக்கினேன். குமிழி வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். முப்பது எண்ணினேன். பின்னால் தள்ளினான். இன்னொரு முப்பது எண்ணினேன். குமிழி நின்ற பிறகுதான் கையை எடுத்தேன். துடைத்துக்கொண்டு ருக்மணிக்கு போன் போட்டு, தம்பிக்குச் சோறு வைக்க வேண்டாம் என்றேன்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அவன் கை வேலைக்கு என் பெயர் கெடக் கூடாது, அவ்வளவுதான்.

கழன்ற இணைப்பை மேசையில் வைத்துவிட்டு, அதன்மேல் பென்சில் கோடு இருக்கிறதே என்கிறீர்கள். கோடா? எங்கே சார்? எனக்கு வெறும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.