கறள் பிடிக்காத கைத்துப்பாக்கி

பழைய சாமான்களில் கறள் பிடிக்க விடுவது எனக்குப் பிடிக்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் மனைவி வேரோனிக்காவின் தங்கை றெஜினா உங்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள். அவள் எதையும் ஊதிப் பெருப்பிக்கிறவள்.

அந்தக் கைத்துப்பாக்கி சோவியத் இராணுவம் கழித்துவிட்ட பழைய சாமான். அரசாங்கம் விற்பனையை நிறுத்துவதற்கு முன்பே முறைப்படி வாங்கினேன். லைசென்ஸுக்கு மனைவியும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். வேரோனிக்கா மறுபேச்சில்லாமல் போட்டாள். கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நின்று கால் மரத்துப்போனவனுக்கு, சனிக்கிழமை கிளப்புக்குப் போய்க் கடதாசி வட்டத்தில் நாலு வெடி வைப்பதுதான் ஓய்வு. அதுவும் இல்லையென்றால் எப்போதோ பாயில் விழுந்திருப்பேன்.

அதற்குப் போடுகிற பழைய இராணுவத் தோட்டாக்களில் ஒரு வகை உப்பு இருக்கிறது. சுட்ட அன்றே குழலுக்குள் சுடுநீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் கறள் ஏறிவிடும். மல்வேர்னில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அந்த வேலை. வேரோனிக்கா கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவருவாள். வேலை முடியும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருக்க எங்களுக்கு வேறு நேரம் ஏது? பேச வேண்டியதையெல்லாம் அப்போதுதான் பேசுவேன். அவள் தங்கையோடு மணிக்கணக்காகத் தொலைபேசியில் கதைப்பது, என்னைக் கேளாமல் கார் ஓட்டப் பழகப் போனது, எல்லாவற்றையும் அந்த மேசையில் சுமுகமாகத் தீர்த்துக்கொண்டோம். நான் குரலை உயர்த்தியதே இல்லை. அவளும் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்.

அப்படியிருந்தவள் இந்த மாசியில் பெட்டியோடு பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு, றெஜினா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்படியானால் எங்கள் ஆட்கள் பொலிஸிடம் போவதில்லை. பெரியவர் ஒருவர் போய்க் கதைத்துக் கூட்டிவருவார். அவளுடைய தாய்மாமன் அமிர்தநாதர் என்னோடு அங்கே வந்தார். நான் வாசலோடு நின்றுகொண்டேன்; அவர் உள்ளே போய் என்னைப் பற்றி அவளிடம் கேட்டார்.

"ஜூலியஸ் குடிக்கிறவனோ பிள்ளை? கை நீட்டுறவனோ?"

"இல்லை மாமா. துவக்கைத் துடைக்கேக்கை என்னை முன்னாலை இருத்தி வைச்சிருக்கிறார்."

"தன்ரை சாமானை மனுசன் துடைக்கத்தானே வேணும். உதுக்குப் போய் ஆரும் வீட்டை விட்டு வாறதே? வெளிக்கிடு."

வெளிக்கிட்டாள். திரும்பும் வழியெல்லாம் மாமா தன் முழங்கால் வலியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கக்கேடாக இருந்தது. ஆனாலும் அவளை ஒரு சொல் கடிந்து பேசவில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்து, மேசையில் துணியை விரித்துச் சுடுதண்ணீர் கேட்டேன்.

"நீங்கள் சுடப் போகேல்லையே," என்றாள்.

போகவில்லைதான். முந்திய கிழமையும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், பனி கொட்டத் தொடங்கியதிலிருந்தே நான் கிளப் பக்கம் தலைவைத்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கிழமைதோறும் கேத்தலை வைத்தவள், அன்று வைக்கவில்லை. கோட்டை எடுத்து மாட்டினாள்.

"நான் போறன். இனி மாமாவை அனுப்பாதேங்கோ."

நான் தோட்டாக் கூட்டைத் துப்பாக்கியில் செருகினேன். துடைக்கிற வேலையில் அது சேர்த்தியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரியான களைப்பு, ஐயா. இன்னொருமுறை ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து, அஜக்ஸ்வரை ஓட்டிப்போய், வாசலில் நின்று காத்திருக்க என் உடம்பில் தெம்பில்லை.

நான் அவளை வெருட்டி வைத்திருந்தேன் என்று றெஜினா சொல்வது பொய். வேரோனிக்கா பயப்படுவதைப் பார்க்க நான் ஒருநாளும் விரும்பியதில்லை. அதனால்தான் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருந்து சுட்டேன்.