எண்பதாம் எண் கதவு

ஓர் இணையதளத்தை எச்.டி.டி.பி.யிலிருந்து எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, சார். பொறுமை இருந்தால் போதும். எனக்குப் பொறுமை அதிகம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் நிறுவனம் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு பெட்டி கொடுக்கிறது. சோப்பு டப்பா அளவுதான். நடுவில் ஒரு பொத்தான், அதற்கு மேல் ஒரு விளக்கு. மூச்சுத் திணறினாலோ கீழே விழுந்தாலோ பொத்தானை அழுத்த வேண்டும். செய்தி எங்கள் சர்வருக்கு வரும். அழைப்பு அறையில் இருக்கும் அக்காவின் திரையில் மணி அடிக்கும். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு அக்கா போன் போட்டு ஓடச் சொல்வார். சர்வரையும் திரையையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

பழைய முறையில் செய்தி அஞ்சலட்டை மாதிரி போகும். யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் தனியாக இருக்கிறார்கள் என்று வழியில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். புது முறையில் அதையே கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறோம். பிரவுசரில் எங்கள் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வர ஆரம்பித்ததும் மேலாளருக்கு மானம் போய்விட்டது. "நாம விக்கிறதே பாதுகாப்புதான். அதுக்குப் பக்கத்துலயே பாதுகாப்பு இல்லைன்னு போட்டா பாக்கிறவன் சிரிக்க மாட்டானா? சீக்கிரம் மாத்துப்பா," என்றார்.

மாற்றினேன். சான்றிதழ் வாங்கிப் பொருத்தினேன். பக்கங்களுக்குள் ஒளிந்திருந்த பழைய முகவரிகளைத் தேடித் திருத்தினேன். ஒரே ஒரு படம் பழைய முகவரியிலிருந்து வந்தால்கூடப் பிரவுசரில் பூட்டுச் சின்னம் சரியாக வராது. ஒட்டடை அடிப்பது மாதிரி மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சமயத்தில் சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை.

வீட்டில் அண்ணன் இருந்தார். கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவர். அளவுகோலை வைத்து ஒரே இழுப்பு, ஒரே தட்டு, கண்ணாடி நேராகப் பிரிந்து வரும். இரண்டாவது தடவை கோடு போடுகிறவன் தொழிலுக்கே லாயக்கில்லை என்பார். நரம்பு நோய் வந்து முதலில் கால் போனது, அப்புறம் கை, அப்புறம் கழுத்து. வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அந்த விரல் நடுங்கவே நடுங்காது. அதற்கு அடியில்தான் பெட்டியைக் கட்டிவைத்திருந்தேன்.

அவருக்குத் தொண்டையில் சளி அடைத்துக்கொள்ளும். குழாய் விட்டு உறிஞ்சி எடுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும். நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவர் பொத்தானை அழுத்துவார், அக்கா போன் போடுவார், பக்கத்து வீட்டு நர்ஸம்மா சாவியோடு ஓடி வருவார். அழுத்துவதிலும் அண்ணனுக்குத் தொழில்காரக் கர்வம் உண்டு. ஒரே அழுத்துதான். "சில பேரு பயத்துல பொத்தானப் போட்டு இடிச்சுக்கிட்டே இருப்பாங்க, மணி காதக் கிழிக்கும். உங்க அண்ணன் மாதிரி நிதானம் யாருக்கும் வராதுப்பா," என்று அக்காவே சொல்லியிருக்கிறார். அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மற்ற நேரமெல்லாம் நான். புரட்டிப் படுக்கவைக்க நான், துடைக்க நான், ஊட்ட நான், குழாய் விட நான். என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், முடிந்தவரை அவளும் பார்த்தாள். போனில் "நீங்க முதல்ல தூங்குங்க," என்பாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தூங்கியிருப்பேன். உடனே அண்ணன் தொண்டையில் அந்தச் சத்தம் கேட்கும். இப்போதும் எனக்குக் கேட்கிறது.

ஒருநாள் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். என் தோளில் தட்டி, "தம்பி ரொம்ப நல்லா பாத்துக்கிறீங்க. இப்படியே பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் தாராளமா இருப்பாரு," என்றார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியாடா, பத்து வருஷம்," என்றார், காற்று மாதிரி ஒரு குரலில். நான் டாக்டரை வாசல்வரை கொண்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதேன். நன்றாகப் பார்த்துக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனை அது. எனக்குப் போக்கிடமே இல்லை, சார். ஒரு கதவுகூட இல்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சர்வருக்கும் கதவுகள் உண்டு, அவற்றை எண் சொல்லித்தான் அழைப்போம். அஞ்சலட்டைகள் எண்பதாம் எண் கதவுக்கு வரும். ஒட்டிய கவர்கள் வேறு கதவுக்கு வரும். புது முறைக்கு மாறிய பிறகு எண்பதில் வருகிறவர்களிடம், 'இடம் மாறிவிட்டது, அந்தக் கதவுக்குப் போ' என்று ஒரு பதில் மட்டும் சொல்வோம். பிரவுசருக்கு அது புரியும், தானாகப் போய்விடும். எங்கள் பழைய பெட்டிகளுக்குப் புரியாது. சர்வரிடமிருந்து எந்தப் பதில் வந்தாலும் சரி, பச்சை விளக்கைப் போட்டுவிடும். 'செய்தி போய்விட்டது, ஆள் வருகிறது' என்று அதற்கு அர்த்தம். பதிலே வராவிட்டால்தான் சிவப்பு எரியும், தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறும்.

இதை என் மேசையில் வைத்துச் சோதித்தபோதே கண்டுபிடித்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன், பச்சை எரிந்தது, அக்காவின் திரை சும்மா இருந்தது. உடனே மேலாளரிடம் சொல்லி, எல்லா வீட்டுக்கும் புதுப் பெட்டி கொடுக்க ஏற்பாடு செய்தேன். அதுவரை பழைய பெட்டிகளுக்காக மட்டும் எண்பதில் ஒரு வழியைத் திறந்துவைத்தேன். நான் அலட்சியக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வீடாகப் பெட்டி மாறியது. கடைசியில் அக்கா கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுதுப்பா. உங்க வீட்டுப் பெட்டி மட்டும்தான் பாக்கி. மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன்கா," என்றேன்.

அப்படிச் சொல்லப்போகிறேன் என்று அந்த நொடிவரை எனக்கே தெரியாது. எங்கள் வீட்டுக்கான புதுப் பெட்டி என் பையில் இருந்தது. பழையது மாதிரி இல்லாமல், புதுப் பெட்டி உயிரோடு இருந்தால் அவ்வப்போது தானாகவே 'நலம்' என்று சர்வருக்குச் சொல்லும். அதனால் பைக்குள்ளேயே அதை இயக்கிவைத்தேன். அக்காவின் திரையில் எங்கள் வீடு 'நலம்' என்று காட்டியது. அதற்குப் பிறகு பழைய வழியை அடைத்தேன். மேலாளர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையைத் திறந்து புதுப் பெட்டியைத் தொட்டேன். கட்டைக் கழற்றி மாற்றிக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு போட்டாச்சா உன் வெப்சைட்டுக்கு?"

"போட்டாச்சுண்ணா."

"சாவி யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

"அப்ப கவலையில்ல," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பையை மூடிவிட்டேன். அவரை வெறுத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் தலைமுடியைக் கோதிவிட்டேன். இனி ஒருநாள் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம். சர்வருக்கு யார் வந்தாலும் என் திரையில் ஒரு வரி ஓடும். எண்பதாம் எண் கதவில் ஒரு வரி வந்தது. எங்கள் வீட்டு இணைப்பு எண் எனக்கு மனப்பாடம். 'இடம் மாறிவிட்டது' என்று சர்வர் பதில் சொன்னது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு வரி. அப்புறம் அடுத்தடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக, படிக்க முடியாத வேகத்தில். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

என் மேசையில் போன் இருந்தது. நர்ஸம்மாவின் எண்ணை எடுத்துப் போன் திரையில் வைத்துக்கொண்டேன். போன் போட்டிருந்தால் உடனே ஓடி வந்திருப்பார். நான் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் குறைந்தது. ஒன்று வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் வரவில்லை.

அக்கா தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "என்னப்பா, மதியத்துலேருந்து ஒரு மணிகூட அடிக்கல. ஊரே சௌக்கியம் போலிருக்கு."

"நல்லதுதானேக்கா," என்றேன்.

வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். சாயங்காலம் சும்மா எட்டிப் பார்க்க வந்த நர்ஸம்மாதான் அண்ணனை முதலில் பார்த்து அழுதுகொண்டிருந்தார், "எனக்குப் போனே வரலையே தம்பி," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அக்காமேலும் இல்லை. தெரிந்தே செய்தது நான்தான். அடைத்தது நான், பொய் சொன்னது நான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். நீங்கள் என் பையை வாங்கியபோது அந்தப் புதுப் பெட்டி உள்ளே இருந்தது. இப்போதும் 'நலம்' என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும், அணைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் யோசித்துத்தான் செய்தேன். எண்பதாம் கதவை ஒரேயடியாக மூடியிருந்தால் சிவப்பு எரிந்திருக்கும், பெட்டி அலறியிருக்கும், அண்ணன் பயந்துபோயிருப்பார். அதனால்தான் பதில் சொல்ல விட்டேன். அவர் கண் எதிரே பச்சை எரிந்துகொண்டிருந்தது, சார். யாரோ வருகிறார்கள் என்ற நிம்மதியோடுதான் போயிருப்பார். அந்த அளவுக்காவது அவரைப் பார்த்துக்கொண்டேன்.

நிம்மதியாக இருந்தவர் ஏன் அத்தனை தடவை அழுத்தினார் என்று கேட்கிறீர்கள்.

விரல் நடுங்கியிருக்கும், சார்.