சாமிக்கு நேர்ந்த வாள்

— மூணா மடிச்சுடுங்க வக்னி அண்ணே. இந்த வாளை மறுபடி எவனும் கையில எடுக்கக் கூடாது.

— கொல்லனுக்கே சொல்லித் தர்றியா லியூபா? காலையில இருந்து நேத்து தோத்தவனுங்க வாளா மடிச்சு மடிச்சு எனக்குத் தோள்பட்டையே கழண்டுடும் போல இருக்கு. அந்தக் குவியல்ல போட்டுட்டுப் போ. சாயங்காலம் எல்லாத்தையும் படகுல ஏத்தி, சாமிக்குன்னு நடு ஏரியில போடணும்.

— இல்லண்ணே, என் கண்ணு முன்னாடியே மடிங்க.

— அடேங்கப்பா! குடு பாப்போம். ஏம்மா, இது பளபளன்னு இருக்கே? ஒரு வெட்டுக் காயம் இல்ல. நேத்து அவ்வளவு பெரிய சண்டையில இது தூங்கிக்கிட்டா இருந்துச்சு?

— என் வீட்டுக்காரரு எதிரிகிட்ட இருந்து பறிச்சதுண்ணே.

— யாரு, ஹகிரத்தா? கால் எலும்பு முறிஞ்சு நாணலுக்குள்ள கிடந்தவன் வாளைப் பறிச்சானாக்கும்! யாருகிட்ட கதை விடுற? அட, ஏன் அழற? என்ன நடந்துச்சுன்னு சொல்லு.

— எதிரி ஆளு ஒருத்தன் இதை அவரு கழுத்துக்கு ஓங்கிட்டாண்ணே. ஓங்கினவன் என்ன நெனச்சானோ, கீழ போட்டுட்டான். தன் சட்டையைக் கிழிச்சு அவரு காலைக் கட்டி, இருட்டுறதுக்குள்ள முதுகுல சுமந்துக்கிட்டு வந்து என் வாசல்ல இறக்கினான். அவன் நல்லா இருக்கணும். என் புள்ளைங்களுக்கு அப்பன் இருக்கான்னா அவனாலதான்.

— இப்ப அவன் எங்க?

— எங்க வைக்கோலுக்குள்ள.

— அடிப்பாவி! சண்டைக்கு முன்னாடி தலைவரு சாமிக்கு என்ன நேர்ந்துக்கிட்டாரு? ஜெயிச்சா அவனுங்க கொண்டு வந்ததெல்லாம் உனக்குன்னாரு. வாளு, கேடயம், குதிரை, ஆளு, எல்லாம். தெரிஞ்சா அவனையும் ஏரியில இறக்கிடுவாங்க. உங்களை ஊரை விட்டே துரத்திடுவாங்க.

— அதான் அவன்கிட்ட இருந்ததை எல்லாம் கொண்டாந்துட்டேன். உறை, இடுப்புப் பட்டை, தலை வார்ற சீப்பு கூட இந்தா இருக்கு. சாமிக்கு நான் ஒரு குறையும் வைக்கலண்ணே. அந்த ஒத்த உசுரைத்தான் கேக்குறேன்.

— துருத்தியை ஊது.

— அண்ணே?

— ஊதும்மா, இரும்பு சிவக்க வேணாமா? ம், போதும், தள்ளி நில்லு. ஒண்ணு... ரெண்டு... மூணு. பாத்தியா, செத்துப் போச்சு. வாளு செத்தா அதைப் பிடிச்சுக்கிட்டு வந்தவனும் செத்தான். இப்ப உன் வீட்டுல இருக்கறவன் வேற ஆளு. தலைமுடியை நம்ம ஆளுங்க மாதிரி ஓரமா முடிஞ்சு விட்டு, நாளைக்கு இங்க அனுப்பு. வாயை மட்டும் திறக்க வேணாம்னு சொல்லு. எனக்குத் தெக்கே ஒரு ஊமை மருமகன் இருக்கான்னு ஊருக்குச் சொல்லிக்கறேன்.

— உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலண்ணே.

— எனக்கு எதுக்கு நன்றி? வீட்டுக்குப் போனதும் உன் மாமியார் கையைப் பிடிச்சு நான் கும்பிட்டேன்னு சொல்லு. இருபது வருஷத்துக்கு முன்னாடி அந்தப் புண்ணியவதி இதே உலைக்கு அழுதுக்கிட்டே தூக்கிட்டு வந்த வாளு என்னோடது.